கேரியரிலிருந்து சீட்டுக்கு

நான் வாழும் ஊரில் யாருமே என்னைப் பார்த்து "என்ன இப்படிப் பெருத்துட்டீங்க?" என்று கேட்பதில்லை. ஹாலந்துக்கு வந்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. வரும்போது போட்டிருந்த பேன்ட்டுக்குள் இப்போது என்னுடைய ஒரு தொடைகூட நிம்மதியாக நுழையாது. ஆனாலும் ஒருவர் வாய் திறக்க வேண்டுமே! அலுவலக லிஃப்டில் நான் ஏறினால் எல்லோரும் கூரையைப் பார்க்கிறார்கள், பிறகு மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். எங்கள் குத்தாலத்தில் ரயிலடியில் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் ஆட்டோக்காரர், "அண்ணே, போன தடவைக்கு ஒரு சுத்து கூடிட்டீங்க. நடுவுல ஒக்காருங்க, வண்டி ஒரு பக்கமா இழுக்கும்" என்பார். அதில் கேலி பாதிதான். மீதி வண்டியைப் பற்றிய நியாயமான கவலை. சொல்லிவிட்டால் பதிலுக்குச் சண்டை போடலாம், சிரிக்கலாம். சொல்லாதவர்களை என்ன செய்வது? அவர்கள் சொல்லாமல் விட்டதையெல்லாம் நானே அவர்கள் சார்பில் எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதுவும் டச்சு மொழியில், தப்பும் தவறுமாக.

இந்தச் சங்கடம் சைக்கிள் விஷயத்தில்தான் உச்சத்துக்குப் போனது. இங்கே மந்திரி சைக்கிளில் போகிறார், மருத்துவர் போகிறார், கல்யாணப் பெண்ணும் வெள்ளைக் கவுனைச் சுருட்டிக்கொண்டு சைக்கிளில் போகிறாள். நான் நடந்து போனேன். கேட்டவர்களிடம், "நடப்பது உடம்புக்கு நல்லது" என்று என் உடம்பை வைத்துக்கொண்டே சொன்னேன். உண்மை என்னவென்றால், நாற்பத்தெட்டு வயதுவரை எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. என் மனைவி வசந்தாவுக்குத் தெரியும். திருவிடைமருதூரிலிருந்து கும்பகோணத்துக் கல்லூரிவரை தாவணியோடு சைக்கிள் மிதித்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்வாய் ஓரமாகத் தனியாக ஓட்டிவிட்டு மூக்கு சிவந்து வீடு திரும்புவாள். ஒரு நாள் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பக்கம் பூரா தண்ணியும் தட்டை நிலமுமா நம்ம ஊரு மாதிரியே இருக்குங்க. பாத்தீங்களான்னு சொல்லத் திரும்புறேன், பக்கத்துல ஆளில்ல. ஒரு நாளாவது கூட வாங்களேன்." அவள் கெஞ்சவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. போய் ரசத்துக்குப் புளி கரைத்தாள். எனக்குத்தான் அன்றைக்கு ரசம் இறங்கவில்லை.

சைக்கிள் நிறைந்த ஊரில் பிறந்தவன் எப்படி ஓட்டக் கற்காமல் போனான் என்று கேட்கலாம். எங்கள் கடைத்தெருவில் ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. சின்ன சைக்கிள்களை வரிசையாகச் சங்கிலி போட்டுக் கட்டியிருப்பார்கள். கோடை விடுமுறையில் பையன்கள் கூட்டமாக நிற்பார்கள். என் முறை வந்ததும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கினார். "தம்பி, இது ஒரு ஆளு வண்டி" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு 'டபுள்ஸ்' என்று பெயர். சைக்கிளில் இரண்டு பேர் போனால் போலீஸ் பிடிக்கும் காலம் அது. நான் தனியாக நடந்து போனாலே "டே, டபுள்ஸ் வருதுடா, போலீஸ் புடிக்கும்!" என்று கத்துவார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்கத் தெரிந்த குண்டுப் பையனை யாரும் அதிகம் சீண்டுவதில்லை என்பதைச் சீக்கிரமே கண்டுபிடித்திருந்தேன். ஆனால் அந்தக் கடைப் பக்கம் மறுபடி போகவில்லை.

பள்ளிக்கூடம் முழுக்க என்னைச் சுமந்தவன் கணேசன். அடுத்த தெரு, ஒரே வகுப்பு, கயிறு மாதிரி உடம்பு. அவன் மிதிப்பான், நான் பின்னால் கேரியரில் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பேன். அதனால் எங்கள் ஊரை நான் எப்போதும் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறேன். எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. அது கணேசனின் கவலை. எனக்கு வாய்த்தது வலப்பக்கத்து வயல்கள். குறுவை நாற்று முடிச்சுகள் தண்ணீரில் விழும் சத்தம், வாய்க்காலில் புதுத் தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு வரும் மண்வாசனை, மடைவாயில் துண்டை வலையாகப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கும் பையன்கள் எல்லாம் ஒரு நீளத் துணி போல என் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். காவிரிப் பாலம் ஏறும்போது மட்டும் கணேசன் பெருமூச்சு விடுவான். "எறங்குடா ராசா, பாலம் ஏறி முடிச்சதும் மறுபடி ஏறிக்க." நான் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளுவேன். யோசித்துப் பார்த்தால் அந்த வண்டி ஓடியதில் என் பங்கும் இருந்திருக்கிறது.

ஹாலந்தில் எங்கள் பேட்டைச் சமூகக்கூடத்தில் பெரியவர்களுக்கு சைக்கிள் வகுப்பு நடப்பதை வசந்தாதான் கண்டுபிடித்துச் சொன்னாள். போனேன். மொராக்கோவிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர், ஓர் ஆண். அந்த ஆண் நான். சொல்லித் தருபவர் அன்னலீஸ் என்ற உயரமான பெண்மணி. தபால்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் மேல்சட்டை கொடுத்தார். என்னுடையது பட்டன் போடும் நிலையில் இல்லை. தோளில் மாலை போலத் தொங்கியது. கூச்சத்தை மறைக்க என் பழைய ஆயுதத்தை எடுத்தேன். "இந்த வண்டி என்னைத் தாங்குமா?" என்று கண்ணடித்துக் கேட்டேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அன்னலீஸ் சிரிக்கவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், ஆரக்கால்களைத் தட்டிப் பார்த்தார். "தாங்கும். போன மாதம் என் மகன் இதில் துணி துவைக்கும் இயந்திரத்தை வைத்து எடுத்துப் போனான்" என்றார், முழு நேர்மையோடு. அவர் என் கேள்விக்குப் பதில் சொன்னார். நான் கேட்டது கேள்வியே இல்லை என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? ஆனால் துணி துவைக்கும் இயந்திரத்தைத் தாங்கிய வண்டி என்பது எனக்குக் கொஞ்சம் தெம்பைக் கொடுத்ததை மறுக்க மாட்டேன்.

அடுத்து வந்த வாரங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பின்னாலிருந்து மணி அடித்தால் எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிடும். இங்கே மணி என்பது 'வருகிறேன்' என்ற தகவல் மட்டும்தான். என் காதில் அது கடைத்தெருச் சிரிப்பாகவே விழுந்தது. ஒரு முறை பதற்றத்தில், "போறேன்யா, போறேன்!" என்று சுத்தத் தமிழில் கத்திக்கொண்டே புல்வெளியில் இறங்கி ஒரு வாத்துக் கூட்டத்தைக் கலைத்தேன். மணி அடித்த கிழவர் நின்று, நான் வாத்துகளிடம் ஏதோ சொன்னதாக நினைத்து, தலையசைத்துவிட்டுப் போனார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வகுப்பு வண்டிகளில் கைப்பிடியில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக அழுத்தினால் வண்டி நின்றுவிடும். பயந்தால் பின்வாங்குவது என் பிறவிக் குணம் என்பதால், இதை மட்டும் வகுப்பிலேயே முதலாவதாகக் கற்றுக்கொண்டேன்.

கடைசியில் ஓட்டவும் வந்தது. வசந்தாவோடு கால்வாய்க்கரையில் போகவும் செய்தேன். ஆனால் பனிமூட்டம் இருந்தால்தான் கிளம்புவேன். வெயிலடித்தால் முழங்கால் வலிக்கும். நாலைந்து ஞாயிறுகள் பொறுத்துப் பார்த்தவள் ஒரு நாள் பாலத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டாள்.

"ஏங்க, பனிக்குள்ள என்ன தெரியுது உங்களுக்கு?"

"பனி தெரியுது."

"பக்கத்துல வாங்கன்னு கேட்டேன். நீங்க ஒளிஞ்சிக்கிட்டே வர்றீங்க. இங்க உங்கள யாருக்குத் தெரியும்? பொங்கலுக்கு ஊருக்குப் போறோம்ல, அங்க பட்டப்பகல்ல கடைத்தெரு வழியா என்கூட ஓட்டிக்கிட்டு வாங்க. அப்ப ஒத்துக்கறேன் நீங்க சைக்கிள் கத்துக்கிட்டீங்கன்னு."

விமானத்தில் ஒன்பது மணி நேரமும் நான் தூங்கவில்லை.

குத்தாலத்தில் என் தம்பி வீட்டுக் கொட்டகையில் அவனுடைய பழைய சைக்கிள் இருந்தது. வசந்தாவுக்குத் தம்பி மகளின் பள்ளிக்கூட சைக்கிள். பொங்கல் முடிந்து இரண்டாம் நாள், காலை பத்து மணி வெயிலில், அவள் முன்னே போக நான் பின்னே கிளம்பினேன். கடைத்தெருவில் இப்போது சைக்கிளே இல்லை. எல்லோரும் பைக், ஸ்கூட்டர். அந்தக் கூட்டத்தில், வெளிநாட்டிலிருந்து வந்தவன், அதுவும் என் அளவில் ஒருவன், சைக்கிளில் போனால் என்ன ஆகும்? கோயில் தேர் புறப்பட்ட மாதிரி ஆனது. டீக்கடைக்காரர் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார்.

"என்னங்க, சுகரா?"

"இல்லைங்க."

"பிரஷரா?"

"அதுவும் இல்லைங்க, சும்மா ஓட்டுறேன்."

"சும்மாவா!" என்றவர் குரலில் அப்படி ஓர் இரக்கம். "டாக்டர் சொல்றத மறைக்கக் கூடாதுங்க. எங்க மச்சான் பாவக்காய் ஜூஸ்லயே கட்டுப்பாட்டுக்குக் கொண்டாந்துட்டாரு."

ஆற்றங்கரைச் சாலைக்கு இடது பக்கம் திரும்ப, ஹாலந்துப் பழக்கதோஷத்தில் இடது கையை நீட்டினேன். மளிகைக் கடை வாசலில் நின்ற இரண்டு பேர் நான் காட்டிய திசையைத் திரும்பிப் பார்த்தார்கள். "அங்க என்னங்க?" என்று ஒருவர் கவலையோடு கேட்டார். பதில் சொல்வதற்குள் நான் திரும்பிவிட்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. எங்கள் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையின் ஒரு பாதி களமாகிவிடும். கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று நெல்லைத் திருப்பிவிடுவார்கள் என்பதால், ரோட்டில் நீளமாகப் பரப்பிக் காயவைப்பார்கள். வண்டிகள் மறு பாதியில் ஊர்ந்து போகும். அன்று நெல் கிடந்தது வலப்பக்கம். வசந்தா இடது ஓரமாகப் போய்விட்டாள். நான் சைக்கிள் கற்றது வலப்பக்கம் ஓட்டும் தேசத்தில். திரும்பியதும் என் வண்டி, யாரையும் கேட்காமல், வலது ஓரத்துக்குப் போனது. எதிரே பொன்னிறத்தில் நெல். பதறிப்போய் பெடலைப் பின்னால் மிதித்தேன். கிர்ரென்று சங்கிலி சுற்றியது. வண்டி நிற்கவில்லை. இன்னும் பலமாகப் பின்னால் மிதித்தேன். கிர்ர்ர். கைப்பிடியில் இரண்டு பிரேக்குகள் சும்மா காத்திருந்தன. எனக்கு அவற்றோடு அறிமுகமே இல்லை. நெல்லுக்குள் உழுதுகொண்டு போய், நடுவில் மெதுவாக, ஏறக்குறைய கௌரவமாகவே, சாய்ந்து விழுந்தேன்.

"அய்யய்யோ, ஆன பூந்த மாதிரி பூந்துட்டீங்களே!" வேப்பமரத்து நிழலிலிருந்து ஓடி வந்தது நெல்லுக்குச் சொந்தக்காரி. அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. குத்தகை நிலம், புருஷன் திருப்பூரில். "நெல்லு கெடக்குற பக்கம் எந்தப் புண்ணியவானாவது வருவானா? அடி கிடி பட்டுச்சா?"

"இல்லம்மா, பிரேக் புடிக்கல."

அவள் பிரேக்கை அமுக்கிப் பார்த்தாள். "நல்லாத்தான புடிக்குது?"

"நாங்க இருக்குற ஊர்ல பெடலைப் பின்னாடி மிதிச்சா நிக்கும்."

"முன்னாடி போறதுக்கு மிதிக்கிறோம். பின்னாடி மிதிச்சா எப்படிங்க நிக்கும்?" என்றவள் என்னை முழுசாக ஒரு முறை பார்த்தாள். அடக்க முடியவில்லை அவளுக்கு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திரும்பி வந்த வசந்தா ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். ரோட்டோரத்தில் பைக்கை நிறுத்தி வேடிக்கை பார்த்தவர்களும் சிரித்தார்கள். முப்பத்தைந்து வருடங்களாக நான் எதற்குப் பயந்து ஒளிந்தேனோ அது மொத்தமும் அங்கே, பட்டப்பகலில், ஒரே இடத்தில் நடந்துகொண்டிருந்தது. நான் முந்திக்கொண்டு ஜோக் அடிக்கவில்லை. அடிக்கத் தோன்றவும் இல்லை. சட்டைக்குள் நெல் குத்தியது. அதுதான் அப்போது பெரிய பிரச்சினையாக இருந்தது.

"சிரிச்சது போதும். மேகம் கட்டுது, கலைச்சவங்க பரப்பிட்டுப் போங்க" என்றாள் அஞ்சலை. செருப்பைக் கழற்றினேன். காலால் நெல்லைத் தள்ளித் தள்ளி, நீளக் கோடுகளாக இழுத்துவிட்டேன். வெயில் ஏறிய நெல்லின் சூடு உள்ளங்காலில் ஏறியது. "பரவால்லையே, பாதம் பெருசு, ஒரே இழுப்புல ரெண்டு ஆள் வேலை நடக்குது" என்றாள். அதுவும் என் உடம்பைப் பற்றிய பேச்சுதான். ஆனால் அவள் நெல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மறுபடி ஏறினேன். யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் விழுந்துவிடுவேன் என்பதும் ஒரு காரணம். நெல் முடிந்து சாலை அகலமானது. இரண்டு பக்கமும் அறுத்த தாள் நின்ற வயல்கள். முதன்முறையாக அவற்றை முன்னால் பார்த்துக்கொண்டே போனேன். துணி போல ஓடவில்லை, என்னை நோக்கி வந்தன. வசந்தா இடது ஓரத்திலிருந்து எதையோ கைகாட்டி, "பாத்தீங்களா!" என்று கத்தினாள். கொக்குக் கூட்டம். "பாத்தேன்!" என்று கத்தினேன். பக்கத்தில் வாங்க என்றாள். முயன்றேன். ஆனால் இரண்டு மிதி மிதிப்பதற்குள் வண்டி மறுபடி வலது ஓரத்துக்கே நகர்ந்துவிடும். எங்களுக்கு நடுவே மொத்தச் சாலையும் கிடந்தது. அதைத் தாண்டி இரைந்து பேசிக்கொண்டே போனோம்.

எதிரே டவுன் பஸ் வந்தது. என் பக்கமாகத்தான். ஹாரனை விடாமல் அடித்து, என்னைச் சுற்றி ஒடித்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "யோவ், எந்த ஊருய்யா நீ?" என்று கத்தினார். பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த வசந்தா, "உள்ளூருதாங்க!" என்று பதில் சொல்வது கேட்டது. புழுதி அடங்கியபோது அவள் இடது ஓரத்தில் சிரித்துக்கொண்டே மிதித்துக்கொண்டிருந்தாள். நான் இன்னும் வலது ஓரத்தில் போய்க்கொண்டிருந்தேன்.