நடுத்திட்டை மூன்று முறை சுற்றியது

எங்கள் ஊர் மந்தையில் நின்ற பெரிய பலாமரத்தில் இடி விழுந்ததற்கு மறு வருஷம், தை மாதக் கடைசியில் நாங்கள் போனோம். இடி விழுந்தது எந்த வருஷம் என்று கேட்டால் எனக்கு எண்ணிச் சொல்லத் தெரியாது. வெளிநாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய்க்குக் கூப்பன் வந்திருந்தது. கீழ்நாட்டில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரிப்புகையில் ஓடின. அந்த மரம் ஒரு பருவத்துக்கு இருநூறு காய் காய்க்கும். அது பட்டுப்போனதில் ஊருக்கே வருத்தம். அதனால்தான் எனக்குக் காலம் மறக்கவில்லை.

போனது மூன்று பேர். நான், என் மனைவி குப்பாயி, ஏழு வயது மகள் செல்லி. மலைமேல் திண்ணனூர் நாட்டில் எங்கள் ஊரில் எல்லோரிடமும், காவிரியில் தலை முழுகிவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டோம். அது பொய் இல்லை, முழுகத்தான் செய்தோம். ஆனால் குப்பாயிக்குப் பார்க்க வேண்டியிருந்தது அவளுடைய அக்கா நல்லம்மாவை.

நல்லம்மா பதினோரு வருஷத்துக்கு முன்னால் மலையிறங்கி, கீழ்நாட்டு வாழைத் தோட்டக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவள். அப்போது எங்கள் ஊரில் ஒரு கட்டு இருந்தது. அப்படிப் போனவளோடு பேசலாம். அவளுக்கு நாம் சோறு போடலாம். அவள் கையால் சமைத்ததை மட்டும் நாம் வாயில் வைக்கக் கூடாது. வைத்தால் வைத்தவரும் ஊருக்கு வெளியே. திருவிழாவில் பொங்கல் வைக்க இடம் கிடையாது, அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். செல்லி வளர்ந்து வருகிறாளே என்ற பயம் எனக்கு. புறப்படும்போதே குப்பாயியிடம் சொல்லிவிட்டேன்.

“பாக்கலாம், பேசலாம். வாயில ஒண்ணும் வெக்கக் கூடாது.”

“தெரியுமுங்க. நானென்ன சின்னப் புள்ளையா?” என்றாள்.

முந்தின நாளே புளியஞ்சோலை வழியாக இறங்கி உப்பிலியபுரம் போய்விட்டோம். அங்கே எங்களிடம் மிளகு வாங்கும் வியாபாரியின் கிடங்கில் படுத்துக்கொண்டோம். நல்லம்மா இருக்கும் இடத்தைச் சொன்னவரே அவர்தான். முசிறிப் பக்கம் காவிரி நடுவில் நடுத்திட்டு என்று ஒரு திட்டு, அதில் வடக்கோரம் ஒற்றை ஓட்டு வீடு, வாசலில் இரண்டு தென்னை.

காலை ஆறு மணிக்குப் பஸ். கரி பஸ்ஸைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய். அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, ஓர் ஆள் அரைமணி நேரம் காற்றாடியைச் சுற்றினால்தான் வண்டி இருமிக்கொண்டு கிளம்பும். மேடு வந்தால் ஏறாது. துறையூருக்கு இந்தப் பக்கம் ஓர் ஏற்றத்தில் டிரைவர் எங்களைப் பார்த்து, “மலைக்காரங்க எல்லாம் இறங்கித் தள்ளுங்க, உங்களுக்கு மேடு பழக்கந்தானே!” என்றார். தள்ளினோம். துறையூரில் பஸ் மாறி முசிறிக்கு ஆளுக்கு ஆறணா கொடுத்தோம். செல்லிக்குப் பாதி. போய் இறங்கியபோது மணி ஒன்பதரை என்றார்கள்.

முசிறியில் ஆற்றில் முழுகிவிட்டு ஒரு வாடகை சைக்கிள் எடுத்தேன். மணிக்கு ஓரணா. மலைக்காரனுக்கு சைக்கிள் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கல்யாணத்துக்கு முன் இரண்டு பருவம் துறையூர் மண்டியில் மூட்டை தூக்கினேன். மத்தியானம் மண்டி தூங்கும்போது கணக்குப்பிள்ளையின் சைக்கிளை அவருக்குத் தெரியாமல் எடுத்துச் சந்தைப்பேட்டையில் விழுந்து விழுந்து பழகினேன். முழங்கால் தழும்பு இன்னும் இருக்கிறது. எங்கள் மலையில் உருளும் சாமானுக்கு வேலையே கிடையாது. ஒரு பலாக்காய் கை நழுவினால் அது அடுத்த ஊருக்குப் போய்விடும். குப்பாயி சைக்கிளை அதற்கு முன் தொட்டதில்லை.

திட்டுக்குப் பரிசலில் போக வேண்டும். மூங்கில் பின்னி மேலே தோல் போர்த்திய வட்டத் தொட்டி அது. எங்களுக்கு ஆளுக்கு அரையணா, சைக்கிளுக்கு ஓரணா. சைக்கிளை நடுவில் படுக்கவைத்து, நாங்கள் சுற்றி உட்கார்ந்தோம். பரிசல் சுழன்று சுழன்று போனதில் செல்லி வாந்தி எடுத்தாள். கரைக்கு முன்னால் நூறு கஜம் வெறும் மணல். எங்கள் ஊரில் எந்தச் சுமையானாலும் தலைக்குப் போய்விடும், அந்தப் பழக்கத்தில் நான் யோசிக்காமல் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி சைக்கிளைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தேன்.

பரிசல்காரர் துடுப்பை ஊன்றிக்கொண்டு சிரித்தார். “ஏன்யா, சைக்கிள் உன்னைச் சுமக்குமா, நீ சைக்கிளைச் சுமப்பியா?”

“மணல் தாண்டட்டும், அது சுமக்கும்” என்றேன்.

“சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசிப் பரிசல். அதை விட்டால் காலையிலதான்.”

திட்டைச் சுற்றிக் கரையோரம் ஒரு மண்தடம் போகிறது. மொத்தம் இரண்டரை மைல் என்று அவர் சொன்னார். உள்ளே முழுக்க வாழை, கொஞ்சம் கரும்பு, தண்ணீரோரம் நாணல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அப்படி ஒரு தரையை நான் அதுவரை மிதித்ததில்லை. செல்லியை முன்கம்பியில் உட்காரவைத்தேன். குப்பாயி பின்னால் கேரியரில் ஏறி என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாழையில் வேலை செய்த பெண்கள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

வடக்கோரம் திரும்பியதும் ஓட்டு வீடும் இரண்டு தென்னையும் தெரிந்தன. வாசலில் யாரும் இல்லை. நான் பிரேக்கைப் பிடிக்கப் போனேன். சட்டை பின்னால் இறுகியது.

“நிறுத்தாதீங்க. போங்க, போங்க.”

“ஊடு இதுதான்.”

“தெரியுதுங்க. போங்க.”

போனேன். முழுச் சுற்றும் சுற்றிப் பரிசல் துறைக்கே வந்துவிட்டோம். அங்கே இறங்கிக் கட்டுச்சோறு தின்றோம். குப்பாயி தின்னவில்லை. அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு அவள் வீட்டில் ஒரு வாய் சோறுகூடத் தின்னாமல் எப்படித் திரும்புவது என்றாள். பார்க்காமலே போய்விடலாமா என்றேன். எழுந்து சைக்கிள் பக்கம் போனாள். மறுபடி ஏறினோம்.

இரண்டாம் சுற்றில் நல்லம்மா வாசலில் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள். என் முகம் அவளுக்கு மறந்திருக்கும். முக்காடு போட்டிருந்ததால் குப்பாயி முகம் தெரியவில்லை. “ஆத்தாடி, ஒரு சைக்கிள்ல மூணு உருப்படியா!” என்று சிரித்தாள். குப்பாயி என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இந்த முறையும் நிறுத்தவில்லை. ஆனால் தாண்டிப்போன பிறகு செல்லி, “அம்மா ஏன் அழுவுது?” என்று உரக்கக் கேட்டுவிட்டாள். அந்த மலைப் பேச்சு நல்லம்மா காதில் விழுந்திருக்கும்.

மூன்றாம் சுற்றில் நல்லம்மா தடத்தின் நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்றாள். நான் சைக்கிளை நாணலுக்குள் விட்டு மூன்று பேரும் விழுந்தோம்.

“எத்தனை தடவைடி சுத்துவே? இதென்ன கோயிலா?” என்று கேட்டுக்கொண்டே குப்பாயியைத் தூக்கி நிறுத்தினாள். அவள் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். நல்லம்மா என் பக்கம் திரும்பினாள். மனைவியின் அக்கா, எனக்கு நங்கையா முறை. “ஏனுங் கொழுந்தனாரே, எந்தங்கச்சியைக் கீழே தள்ளறதுக்கா இத்தனை தூரம் கூட்டியாந்தீங்க?”

அவள் வீட்டுக்காரர் குளித்தலைக்கு வாழைத்தார் ஏற்றிப் போயிருந்தார். மகன்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில். எங்களை உள்ளே வா என்று அவள் கூப்பிடவே இல்லை. கட்டு அவளுக்குத் தெரியாதா? வாசலில் மூன்று கல்லைக் கூட்டினாள். சந்தையில் வாங்கி இன்னும் தண்ணீர் படாத புதுச்சட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். அரிசி, பருப்பு, உப்பு, மிளகாய் எல்லாவற்றையும் முறத்தில் பச்சையாகவே வைத்தாள்.

“நீயே ஆத்துல தண்ணி மோந்துட்டு வா, நீயே ஆக்கு. உங்கையால எனக்குப் போடு. அதுக்குக் கட்டு கிடையாதுல்ல?”

குப்பாயி ஆக்கினாள். நல்லம்மா வாழையிலை போட்டு உட்கார்ந்து, தங்கச்சி போடப் போடத் தின்றாள். நாங்களும் அதையே தின்றோம்.

“பதினோரு வருசமாச்சு, உப்பு இன்னும் உங்கைக்கு வல்லியே கண்ணு!”

“அப்பறம் ஏன் மூணாந்தடவை வாங்கறே?”

“பசிக்குதுடி.”

சிரித்துக்கொண்டேதான் இருந்தார்கள். அவர்கள் அம்மாவைப் பெற்ற அப்புச்சி செத்தது, யார் வீட்டில் யார் பிறந்தது, எந்தக் காடு யாருக்குப் போனது எல்லாம் பேசினார்கள். நடுவில் நல்லம்மா உள்ளே போனாள். பணியாரம் வேகும் வாசனை வந்தது. குழந்தை வந்திருக்கிறதே என்ற நினைப்பு மட்டும் இருந்திருக்கிறது, மற்றது மறந்துவிட்டது. ஒரு தட்டில் வெல்லப் பணியாரம் ஐந்தைக் கொண்டுவந்து செல்லி முன்னால் வைத்தாள். செல்லி ஒன்றை எடுத்து ஊதினாள். குப்பாயி என்னைப் பார்த்தாள். அதற்குள் நல்லம்மாவே குழந்தையின் கையைப் பிடித்துப் பணியாரத்தை வாங்கித் தட்டில் போட்டுவிட்டாள்.

“வேண்டாஞ் சாமி. பெரியம்மா மறந்துட்டேன். நீ வாழப்பழம் தின்னு.”

செல்லி அழுதாள். வாழைப்பழத்துக்குச் சமாதானம் ஆகவில்லை.

மூன்றரை மணிக்குப் பரிசல் துறைக்கு நடந்தோம். சைக்கிளை நான் தள்ளிக்கொண்டு வந்தேன். பரிசலில் ஏறியதும் நல்லம்மா முந்தானையிலிருந்து ஓர் இலைப் பொட்டலத்தை எடுத்துத் தங்கச்சி மடியில் வைத்தாள். அதே ஐந்து பணியாரம்.

“நடு ஆத்துல போட்டுடு, மீன் தின்னட்டும். எங்கையால ஒண்ணு குடுத்தேன்னு எனக்கு இருக்கட்டும்.”

பரிசல் நகர்ந்தது. நல்லம்மா முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நடு ஆறு வந்தபோது குப்பாயி விளிம்பில் சாய்ந்து இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டாள். முகம் கழுவினாள், அவ்வளவுதான். அழுத முகத்தோடு பஸ் ஏறக் கூடாது என்று நினைத்திருப்பாள். பொட்டலம் மடியிலேயே இருந்தது எதிரே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது. கரையிலிருந்து பார்த்தவளுக்கு, முதுகு குனிந்ததும் கை தண்ணீருக்குள் போனதும்தான் தெரிந்திருக்கும். நல்லம்மா திரும்பி வாழைக்குள் நடந்துவிட்டாள். நான் கூப்பிட்டேன். எங்கள் மலையில் இந்தச் சரிவில் கூப்பிட்டால் எதிர்ச்சரிவில் கேட்கும். அங்கே ஆற்றுக் காற்று குரலைத் தின்றுவிட்டது.

ஐந்து மணி பஸ்ஸில் இடம் கிடைத்தது. முசிறி எல்லை தாண்டியதும் செல்லி என் தோளில் தூங்கிவிட்டாள். குப்பாயி பொட்டலத்தை அவிழ்த்தாள். முதல் பணியாரத்தை வாயில் போட்டு மென்றாள். அவசரம் இல்லை. அடுத்ததை எடுத்தாள். நான் கையை நீட்டினேன், எதற்கு நீட்டினேன் என்று எனக்கே தெரியாது. தடுக்கவா, வாங்கவா?

கையைத் தள்ளிவிட்டாள். “உங்களுக்கும் வேண்டாம், புள்ளைக்கும் வேண்டாம். மீறினவ நான் ஒருத்தியா இருக்கட்டுங்க.”

ஐந்தையும் தின்றாள். விரலில் ஒட்டியிருந்த வெல்லத்தையும் நக்கினாள். மறுநாள் மலை ஏறி வீட்டுக்கு வந்து, வழக்கம்போல அடுப்பு மூட்டினாள். அடுத்த திருவிழாவில் எல்லோரோடும் வரிசையில் நின்று பொங்கல் வைத்தாள். சாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊருக்கும் தெரியவில்லை.

மறு வருஷம் போகலாம் என்றிருந்தோம். அதற்குள் ஆற்றங்கரை ஊர்களில் காலரா. நல்லம்மா போய்விட்டாள் என்று மிளகு வியாபாரிதான் வந்து சொன்னார். கடைசி நாட்களில், என் தங்கச்சி பணியாரத்தை ஆற்றில் போட்டுவிட்டாள், போடச் சொன்னவள் நான்தானே என்று மகன்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அதைக் கேட்டு குப்பாயி மூன்று நாள் படுத்துவிட்டாள். எழுந்த பிறகும் திட்டுக்குச் சொல்லியனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. செல்லிக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. குப்பாயி இருந்தவரை நான் வாய் திறக்கவில்லை.

இப்போது குப்பாயியும் இல்லை. அந்தக் கட்டை நினைவு வைத்திருக்கும் ஆளும் எங்கள் ஊரில் இரண்டு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். செல்லி பேரன் எடுத்துவிட்டாள். என் காலும் மலை இறங்காது. அதனால் இதைக் கேட்கிறவர்களில் யாராவது முசிறிப் பக்கம் போனால் பரிசல் ஏறி அந்தத் திட்டுக்குப் போங்கள். வடக்கோரம் நல்லம்மாவின் மகன்கள் இருப்பார்கள், இல்லாவிட்டால் அவர்கள் பிள்ளைகள் இருப்பார்கள். உங்கள் சின்னம்மா அன்றைக்கு ஆற்றில் முகம் மட்டும்தான் கழுவினாள், பணியாரம் ஐந்தையும் அவளே தின்றாள் என்று சொல்லிவிடுங்கள்.