காளையின் புல்லட் கப்பலேறிய கதை

அந்தப் பெட்டிக்கு ஆணி அடிக்கையிலயே இது நல்லதுக்கில்லைன்னு எனக்குப் பட்டுச்சு. படாம என்ன செய்யும்? என் கூடப்பொறந்த தங்கச்சி செல்லக்கிளியோட புருசன், கவர்மெண்டு உத்தியோகத்துல இருக்கவன், மோட்டார் சைக்கிளைக் கப்பல்ல ஏத்தி அரபு நாட்டுல எறக்கி, அங்கருந்து லண்டன் வரைக்கும் ஓட்டிட்டுப் போறேங்கிறான். எண்பத்தி நாலாம் வருசம் மதுரைக் காளவாசல்ல இதைச் சொன்னா எவன் நம்புவான்? டீக்கடையில என்னைப் பாத்தாலே, "உங்க மாப்ள லண்டனுக்கு எந்தப் பக்கமாத் திரும்புவாரு, தேனி ரோடா, திருமங்கலம் ரோடா?"ன்னு கேலி பண்ணுவானுக. எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிருக்க நான் எம்புட்டுப் பேரோடதான் சண்டை போடுறது?

மாப்ள பேரு காளை, பேரையூர்ப் பக்கத்து ஆளு. பருத்தியும் சோளமும் போடுற குடும்பம். படிச்சு வந்து நெடுஞ்சாலைத் துறையில ட்ராப்ட்ஸ்மேன் ஆயிட்டான். நாள் பூரா குனிஞ்சு உக்காந்து ரோடு வரையிற வேலை. கே.கே. நகர்ல வீடு, வாசல்ல புல்லட், அதைத் துடைச்சுத் துடைச்சே துணி கிழிஞ்சு போகும். எதுக்குய்யா இந்தக் கிறுக்குன்னு ஒருநாள் கேட்டேன். "மச்சான், நான் வரையிற ரோடெல்லாம் தாள் முடியிற எடத்துல முடிஞ்சு போகுது. முடியாத ரோட்டுல ஒரு தடவை போயிட்டு வந்துர்றேன்"னான்.

நல்ல மனுசன். குடிக்க மாட்டான், அதிர்ந்து பேச மாட்டான். ஒரே ஒரு கோளாறு, படுத்தாத் தூக்கம் வராது. ராவெல்லாம் முழிச்சுக் கெடந்துட்டுப் பகல்ல வண்டியில கண்ணு சொருகும். கயத்தாறு பக்கம் ஒருதடவை அப்படித்தான் அசந்து, வண்டியோட வயக்காட்டுல போயி விழுந்தான். தாடையில ஏழெட்டுத் தையல். அதுலருந்து என் தங்கச்சி தெனம் சாயங்காலம் கசகசாவை ஊறவச்சு, அம்மியில மையா அரைச்சு, பாலுல கலக்கிக் குடுப்பா. அதைக் குடிச்சா மனுசன் கட்டையாட்டம் தூங்குவான். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவளுக்கு அவன்தான் பிள்ளை, அவன்தான் புருசன்.

பெட்டி செஞ்சது என் கடைக்குப் பின்னாடி. ஆசாரி சின்னான் மாம்பலகையை அறுத்து அடிச்சான். முன் சக்கரத்தைக் கழட்டி, ஹேண்டில்பாரைத் திருப்பி, டேங்க்கைச் சொட்டு பெட்ரோல் இல்லாம வடிச்சு, பேட்டரியைத் தனியா எடுத்து வண்டியைப் பெட்டிக்குள்ள எறக்கினோம். கொச்சியிலருந்து வந்திருந்த கப்பல் ஏஜெண்டு பக்கத்துலயே நின்னாரு. அவரு சொன்னது இன்னமும் என் காதுல இருக்கு. பெட்டிக்குள்ள வண்டியும் வண்டியோட சாமானும் மட்டும்தான் இருக்கணும், துணி கூடாது, தின்பண்டம் கூடாது, பொட்டலம்னு ஒண்ணு இருக்கவே கூடாது, அங்க அக்குவேறு ஆணிவேறாப் பிரிச்சுப் பாப்பாங்கன்னாரு. காளை தலையைத் தலையை ஆட்டுனான்.

மத்தியானம் செல்லக்கிளி தூக்குவாளியில சோறு கொண்டாந்தா. மூடுறதுக்கு முன்னாடி வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கணும்னு சொன்னா. நாங்க எல்லாரும் கை கழுவிச் சாப்பிட உக்காந்துட்டோம். அவ மட்டும் வண்டிகிட்ட நின்னுக்கிட்டிருந்தா. சாப்பிட்டு வந்து மூடியைப் போட்டு ஆணி அடிச்சான் சின்னான். தேனி ரோட்டுல லாரி கெளம்பிப் போறதைப் பாத்துக்கிட்டு அவ ரொம்ப நேரம் நின்னா. முகத்துல ஒரு திருப்தி. எனக்குத்தான் ஒண்ணும் புடிபடலை.

கப்பல் கெளம்பி, அப்புறம் காளையும் திருவனந்தபுரத்துல ஏரோப்ளேன் ஏறுனான். போய்ச் சேந்துட்டேன், பெட்டி வந்ததும் எடுத்துக்கிட்டுக் கெளம்பிருவேன்னு தந்தி வந்துச்சு. செல்லக்கிளியை என் வீட்டுல கொண்டாந்து வச்சிருந்தேன்.

அந்த ஞாயித்துக்கிழமை சிவனாண்டி சாப்பிட வந்தான். அவன் என் சேக்காளி, அரபு நாட்டுல சமையக்காரனா இருந்துட்டு லீவுல வந்தவன். கறிக் குழம்பை ஊத்திச் சாப்பிட்டுட்டு நாக்கைச் சப்புக் கொட்டுனான். கசகசா அரைச்சு ஊத்துனாத்தான் இந்த ருசி வருது, அங்க இதுக்கு வழியில்லைன்னான். ஏன், கடையில கெடைக்காதான்னு கேட்டேன்.

"கெடைக்கிறதா? கையில வச்சிருந்தாலே ஜெயிலுண்ணே. அது அபினிச் செடியோட வெதையாம். கம்பத்துப் பய ஒருத்தன், ஆத்தா குடுத்துவிட்டாளேன்னு ஒரு பொட்டலம் கொண்டாந்து மாட்டிக்கிட்டான். இன்னமும் உள்ளதான் கெடக்கான்."

அடுப்படியில கரண்டி விழுந்துச்சு. செல்லக்கிளி வாசல் நெலையைப் புடிச்சுக்கிட்டு நின்னா. மூஞ்சியில ரத்தம் இல்லை. என்னடி ஆச்சுன்னு உலுக்குனேன். சொன்னா. அன்னைக்கு நாங்க சாப்பிட்டுக்கிட்டிருக்கையில அரைக்கிலோ கசகசாவைத் துணியில முடிஞ்சு வண்டியோட டூல் பாக்ஸுக்குள்ள வச்சுப் பூட்டிருக்கா. புருசன்கிட்டச் சொன்னா வேணாம்பாரு, ஏஜெண்டு கண்ணுல பட்டாலும் எடுத்துருவாரு, பாலைவனத்துல தூங்காம ஓட்டி எங்கயாச்சும் விழுந்துட்டா யாரு பாப்பான்னு நெனச்சிருக்கா. எங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு ஊருக்குப் போற ஆளை வெறுங்கையோட அனுப்பத் தெரியாது. திருமங்கலம் போறதுன்னாலும் பைக்குள்ள ஒரு பொட்டலம் சொருகத்தான் செய்வாளுக. எனக்கு வந்த கோவத்துக்கு அவளை அறைஞ்சிருப்பேன். அவ நின்ன நெலையைப் பாத்துட்டுக் கை எழும்பலை. பாவி மக, பாசத்துலதான செஞ்சா.

தந்தி குடுக்கலாமான்னு யோசிச்சோம். என்னன்னு குடுக்குறது? அந்த வார்த்தையை எழுதுனா, அங்க எவன் எவனோ படிப்பான். எழுதலைன்னா காளைக்குப் புரியாது. போன்ல சொல்றதுதான் வழின்னு சிவனாண்டி சொன்னான். கப்பல் ஏஜெண்டுக்கு அந்தத் துறைமுகத்துலயும் ஒரு ஆபீஸ் இருந்துச்சு, அந்த நம்பரைக் காளை குடுத்துட்டுப் போயிருந்தான். மறுநாள் கடையைத் தொறந்ததும் டிரங்க்கால் புக் பண்ணிட்டு உக்காந்தோம். வந்த கிராக்கியை எல்லாம் அப்புறம் வாங்கன்னு வெரட்டிவிட்டேன். பெட்டியை மட்டும் இன்னும் எடுத்திருக்கக்கூடாது மீனாச்சித் தாயே, அது கெடந்த எடத்துலயே கெடக்கணும்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டேன். என் தங்கச்சி பச்சைத் தண்ணி பல்லுல படாம ஸ்டூல்ல உக்காந்திருந்தா. ஏஜெண்டு ஆளுக மாப்ளயை ஆபீஸுக்குக் கூட்டியாந்து வச்சா, சொன்ன அடுத்த நிமிசமே அவன் பெட்டியைக் கைவிட்டுட்டுத் திரும்பிருவான், வண்டி போனா மயிராச்சுன்னு அவளுக்குத் தெம்பு சொன்னேன்.

சாயங்காலம் மணி அடிச்சுச்சு. ஏஜெண்டு ஆபீஸ்தான். காளைங்கிறவரைக் கூப்பிட முடியுமான்னு இங்கிலீஷ்ல கேட்டேன். இங்கதான் இருக்காருன்னு போனைக் குடுத்தாங்க.

"மாப்ள, நான்தான் பேசுறேன்"னேன். எப்பவும் என் குரலைக் கேட்டதும் 'சொல்லுங்க மச்சான்'ங்கிற ஆளு. அன்னைக்கு, "ம்"ங்கிறான். பெட்டி வந்துருச்சாங்கிறேன், அதுக்கும் "ம்". அவனுக்குப் பின்னாடி யாரோ அரபியில பேசுற சத்தம். ஒருத்தன் இல்லை, ரெண்டு மூணு பேரு. செல்லக்கிளி போனைப் புடுங்கிட்டா.

"என்னங்க, டூல் பாக்ஸுல நான்தாங்க..."

அவளை முடிக்க விடலை அவன். போன்ல எரைச்சல் கூட இல்லை, பக்கத்துல நின்ன எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டுச்சு.

"பெட்டியைப் பிரிச்சுட்டாங்க, செல்லி. போலீஸுதான் பக்கத்துல நிக்குது. யாரு வச்சதுன்னு கேட்டாங்க, நான்தான்னு சொல்லிக் கையெழுத்தும் போட்டுட்டேன். நாளைக்கு வீட்டுக்கு ஆள் வந்து கேட்டாலும் நீ இதைத்தான் சொல்லணும். நீ எதையும் வைக்கலை. போனை வை."

அவ வைக்கலை. லைன் கட்டாகி ரொம்ப நேரம் ஆன பெறகும் காதுலயே வச்சுக்கிட்டு, நான்தாங்க வச்சேன், நான்தாங்க வச்சேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா.