மரியாதை தெரிந்த குரல்

டொரன்டோ நகரத்தில் தொலைபேசியை எடுப்பவர்கள் உடனே பேசிவிடுவதில்லை என்பதைக் கவனிக்க எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. மணி அடிக்கும். எடுத்துக் காதில் வைப்பார்கள். மூச்சையும் அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். மறுமுனையும் காத்திருக்கும். இரண்டு மௌனங்கள் ஒன்றையொன்று மோப்பம் பிடிப்பதைப்போல் ஒரு கணம் கழியும். பிறகு எடுத்தவர் ஒரு சொல்லும் சொல்லாமல் துண்டித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து காப்பியைக் குடிப்பார். இலங்கை மலையகத்தில், லுணுகலைக்கு மேலே, தண்ணீர்த் தொட்டியடியில் மட்டும் சிக்னல் கிடைக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இது விளங்கவே இல்லை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அழைப்பு வந்தால் அடுத்த மலைக்குக் கேட்கும்படி “ஹலோ, கேக்குதா” என்போம். ஊர் மழையையும் வீட்டுக் காய்ச்சலையும் ஒப்புவித்த பிறகே அழைத்தவர் யாரென்ற ஐயம் எங்களுக்கு வரும்.

எனக்கும் அத்தகைய ஊமை அழைப்புகள் வந்தன. மௌனத்தை நிரப்பாமல் விடுவது நான் பயின்ற கலைக்கு விரோதமானது. பொதி பிரிக்கும் கிடங்கில், இயந்திர இரைச்சலுக்கு மேலே குரலை நிறுத்தி, “யெஸ், ஸ்பீக்கிங். மே ஐ நோ ஹூ இஸ் காலிங், ப்ளீஸ்?” என்று முழங்குவேன். எதிரே யாரும் இல்லை. மெல்லிய இரைச்சல் மட்டும் சற்று நேரம் நின்று கேட்டுவிட்டுப் போய்விடும். என்னோடு வேலை செய்யும் டேவ் என்ற வெள்ளைக்காரர் ஒருநாள், “உன் குரலை இப்படி இலவசமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாய்” என்றார். பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். நன்றி கூறி, ஊவா மாகாணத்து மேடைகளில் நான் பெற்ற கேடயங்களைப் பற்றி விரிவாகச் சொன்னேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தது பின்னாளில்தான் எனக்கு உறைத்தது.

அந்தக் குரல் பதுளையில் செய்யப்பட்டது. தோட்டத்திலிருந்து பஸ் ஏறி நகரத்துப் பள்ளிக்குப் போன நாள்களில் விவாத அணியில் சேர்ந்தேன். ஒரே தலைப்பில் காலையில் ஆதரித்தும் மாலையில் எதிர்த்தும் பேசப் பழகினேன். எங்கே மூச்சை இழுத்தால் மண்டபம் நிமிர்ந்து உட்காரும் என்று அறிந்தேன். லயத்துப் பிள்ளைக்கு இப்படித் தமிழ் வருமா என்று முன்வரிசையில் வியந்தவர்களுக்காகவே ழகரத்தைக் கூடுதலாகத் தீட்டிக்கொண்டேன். அந்தப் பேச்சுகள் எல்லாம் இன்றும் யூடியூபில் கிடக்கின்றன. அவற்றைப் பதிவேற்றியவன் நானே. வீட்டில் மட்டும் அந்தக் குரலுக்கு வேலை இருந்ததில்லை. கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தால், “மைக்க நிப்பாட்டிட்டு சோத்த தின்னுடா” என்பாள் அம்மா. நானும் “நீ மொதல்ல கொழம்ப ஊத்து” என்பேன். அவளை நான் ‘நீ’ என்றே அழைத்தேன். எங்கள் லயத்தில் எந்தப் பிள்ளையும் தாயை வேறு விதமாக அழைத்துக் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அம்மாவுக்கு அந்த அழைப்பு வந்தது. பறித்த கொழுந்தை எடை நிறுத்துவிட்டு வந்த பெண்கள் தொட்டியடியில் கால் கழுவிக்கொண்டிருந்த மாலைப்பொழுது. அம்மாவின் கைப்பேசியைக் காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில் போட வேண்டும். அடுத்த காம்பராவில் குடியிருக்கும் செல்லம்மா அக்கா, நான் கனடாவிலிருந்து பேசுவதைத் தன் கைப்பேசியில் பதிந்து மகளுக்குக் காட்டலாம் என்று பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்தப் பதிவு இல்லாவிட்டால் நடந்ததை நான் நம்பியிருக்க மாட்டேன்.

“அம்மா, நான்தான் பேசுகிறேன். இது புது எண். நீங்கள் பதற்றப்படக் கூடாது.”

“யாரு, தம்பியா? என்னாடா, காலி மண்டபத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு.”

“என்னை விமான நிலையத்தில் தடுத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் கைப்பேசிக்கு இப்போது ஓர் எண் வரும். அதை எனக்குச் சொல்லுங்கள். உடனே சொல்ல வேண்டும். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.”

“யாருகிட்டயும் சொல்லக் கூடாதாம்டி,” என்று செல்லம்மா அக்காவின் குரல். “நாங்க எல்லாரும் காத பொத்திக்கிட்டோம் தம்பி, நீ சொல்லு.”

பெண்கள் சிரித்தார்கள். அந்தக் குரல் சிரிக்கவில்லை. “நீங்கள் பதற்றப்படக் கூடாது” என்று அதே ஏற்றத்தோடும் அதே இறக்கத்தோடும் மீண்டும் சொன்னது. செய்தி வந்த ஓசை கேட்கிறது. அது அம்மாவின் வங்கிக் கணக்கைத் திறக்கும் எண். அவள் கொழுந்து பறித்துச் சேர்த்ததும் நான் அனுப்பியதும் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. அம்மா கண்ணைச் சுருக்கி முதல் இலக்கத்தை வாசித்தாள். இரண்டாவதையும் வாசித்தாள்.

“நன்றி அம்மா. நீங்கள் தொடருங்கள்.”

அங்கே அம்மா நிறுத்தினாள்.

“இந்தா, நீ எப்பருந்து எனக்கு நன்றி சொல்ற? எம் மகன் என்னைய நீங்கன்னு சொன்னதே கெடயாது. சோறு போட லேட்டானா தட்டத் தூக்கி எறிவான். டேய், நீ யாரு பெத்த புள்ள?”

பிறகு என் குரல், மிகத் தணிந்து, “அம்மா” என்றது. அத்துடன் அழைப்பு அறுந்தது.

செல்லம்மா அக்கா அனுப்பிய அந்தப் பதிவைக் கிடங்கின் சாப்பாட்டு அறையில் திரும்பத் திரும்பக் கேட்டேன். நான் ஒருபோதும் சொல்லாத சொற்களை என் தொண்டை சொல்லிக்கொண்டிருந்தது. வாக்கியத்தின் திருப்பத்துக்கு முன்பு நான் இழுக்கும் அந்தச் சிறு மூச்சுகூட அதில் இருந்தது. குரலுக்குப் பின்னால் பதுளை மண்டபத்தின் எதிரொலி மெலிதாக நடமாடியது. கூட்டம் கலைந்து விளக்குகளை அணைத்த பிறகும் ஒருவன் மேடையை விட்டு இறங்காமல் நின்று பேசுவதுபோல் அது ஒலித்தது. உச்சரிப்பு பிசகவே இல்லை. யூடியூபிலும் ஊமை அழைப்புகளிலும் நான் அள்ளிக் கொடுத்த பேச்சிலிருந்து யாரோ அதைக் கணினியில் வார்த்திருந்தார்கள். வாழ்நாளெல்லாம் இரு பக்கமும் பேசப் பழகியவன் நான். இம்முறை எதிரணியில் எழுந்து நின்றது என் குரலே.

உடனே அம்மாவை அழைத்தேன். தொட்டியடியில் படம் தெரியும் அளவுக்குச் சிக்னல் வராது, குரல் மட்டும்தான். “அம்மா, நான்தான். நீங்க பயப்படாதீங்க,” என்றேன். தாயை ‘நீங்கள்’ என்று விளிக்கும் யாழ்ப்பாணத்து நண்பர்களோடு ஒரு நிலவறை வீட்டில் குடியிருக்கிறேன். நான் அறியாமலே அந்தச் சொல் என் நாவில் ஏறியிருந்தது. மறுமுனையில் தண்ணீர் விழும் ஓசை மட்டும் கேட்டது.

“மறுபடியும் வந்துட்டான்டி,” என்று யாரிடமோ சொல்லிவிட்டு அம்மா துண்டித்தாள்.

என் எண்ணும் என் பெயரும் அவள் திரையில் தெரிந்திருக்கும். குரலையே திருடியவனுக்கு எண்ணைத் திருடுவது பெரிதா என்று அவள் எண்ணியதைக் குறை சொல்ல என்னிடம் வாதம் இல்லை. மீண்டும் மீண்டும் அழைத்தேன். எடுக்கவில்லை. உலகத்தில் ஒருத்திக்கு நான் நான் இல்லாமல் போய்க்கொண்டிருந்தேன். கடைசியில் எடுத்தபோது என் பயிற்சி எல்லாம் கழன்று விழுந்திருந்தது.

“ஏம்மா, லூசா நீ? எத்தன தடவ அடிக்கிறது? காதுல என்னா அடச்சிருக்கு?”

அம்மா விம்மலோடு, “சாப்டியாடா?” என்றாள்.

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கும், என்னைப்போல் கடல் கடந்தவர்களுக்கும் சொல்ல விரும்புவது இதுதான். முன்பின் தெரியாத வங்கி அதிகாரியாக, விழாத பரிசொன்றின் தூதராக வந்தவர்களை நாம் ஓரளவு அறிந்துகொண்டோம். இனி அவர்கள் நம் வீட்டுக் குரலிலேயே வருவார்கள். அந்தக் குரல் அவசரப்படுத்தும். இரகசியமாக வைக்கச் சொல்லும். கைப்பேசிக்கு வரும் எண்ணைக் கேட்கும். பெற்ற பிள்ளையே கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். துண்டித்துவிட்டு, உங்களிடமுள்ள பழைய எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு பேசுங்கள். இந்த நாட்டில் தனிமை ஒரு நாகரிகம். இங்கே அந்த அழைப்பு எனக்கு வந்திருந்தால், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லா இலக்கங்களையும் சொல்லி முடித்திருப்பேன். ஒளிந்து பேச இடமில்லாத தொட்டியடியைப் பார்த்து வெட்கப்பட்டவன் நான் என்பதால் இதை எழுதுவது எளிதாக இல்லை. மேடைப் பேச்சுகளை யூடியூபிலிருந்து நீக்கினேன். போன குரல் போனதுதான். அது இந்நேரம் எந்தத் தாயிடம் பதற்றப்பட வேண்டாமென்று சொல்லிக்கொண்டிருக்கிறதோ.

அதற்குப் பிறகு அம்மா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். நான் அழைத்ததும், “எதாச்சும் ஒண்ணு திட்டு” என்பாள். திட்டிய பிறகே ஊர்க்கதை தொடங்கும்.

போன ஞாயிறு காலையில் பஸ்ஸில் போய்க்கொண்டே பேசினேன். காய்ச்சலோடு அவள் மலைக்குப் போயிருந்ததால் அன்று திட்டுவதற்கு நான் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

“மழையில நனஞ்சுக்கிட்டு யாரு உன்னைய போகச் சொன்னா? அறிவிருக்கா ஒனக்கு? செத்துகித்துப் போனேன்னா நான் வரமாட்டேன், பாத்துக்க.”

“ஆமா, வந்து கிழிச்ச,” என்றாள் அம்மா ஆனந்தமாக. “இன்னும் சொல்லு.”

முன்னிருக்கையில் இருந்த பெண்மணி திரும்பினார். யாழ்ப்பாணத் தமிழ்.

“தம்பி, அம்மாவோடயோ இப்பிடிக் கதைக்கிறீர்?”

எனக்கு முகம் சுட்டது. கைப்பேசியைச் சற்றே விலக்கி, முதுகை நிமிர்த்தி, மூச்சை இழுத்து, “மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. நீங்கள் நினைப்பதுபோல் இல்லை. என் தாயார்மீது நான் அளவற்ற மதிப்பு வைத்திருக்கிறேன்,” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. “வடிவான தமிழ்,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

கைப்பேசியை மீண்டும் காதில் வைத்தேன். தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அம்மாவின் மூச்சு கேட்டது.

“நீங்க யாருங்க?” என்றாள், மிகுந்த மரியாதையோடு.