திரையில் வெள்ளையாக இருந்த ஊர்

வெள்ளையாக இருந்த இடத்தை நான் ஏன் பத்திரமான இடம் என்று நம்பினேன்? அந்தக் கணினி நிரலை எழுதியவளே நான்தான். அப்படியும் ஏன்?

எம்.சி.ஏ. முடித்துவிட்டுத் திருப்பதியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். கணவருக்கு நாயுடுபேட்டையில் புதிதாக வந்த தொழிற்சாலையில் வேலை. ஞாயிறு மட்டும் வருவார். மகளுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது.

மணல்வாரி என்கிற தட்டம்மை ஒரு நகரத்தில் எப்படிப் பரவும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஒவ்வொரு ஆளும் திரையில் ஒரு புள்ளி. காலையில் புள்ளிகள் பள்ளிக்கும் கடைக்கும் போகும், சாயங்காலம் வீடு திரும்பும். பேருந்து நிலையத்தில் வெளியூர்ப் புள்ளிகள் இறங்கி மலையடிவார அலிபிரிப் பக்கம் நகரும். நோய் தொட்ட புள்ளி சிவக்கும்.

“பாத்தியாம்மா? சாமியப் பாக்க வர்றவங்க காய்ச்சலையும் காணிக்கையா வெச்சிட்டுப் போறாங்க” என்று பேராசிரியர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் தெரு இருந்த கட்டம் சிவந்துகொண்டிருந்தது. வெறும் கணக்குதான், தெரியும். ஆனால் அந்த வாரம் தெருவிலும் இரண்டு குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் பொரிந்திருந்தது. தடுப்பூசி போட ஒன்பது மாதம் ஆக வேண்டும். இன்னும் மூன்று வாரம்.

நகர எல்லைக்கு வெளியே எந்தத் தகவலும் சேர்க்காததால் திரை வெள்ளையாக இருந்தது. “அங்க டேட்டா லேதும்மா, விடு” என்று பேராசிரியர் முன்பே சொல்லியிருந்தார். புத்தூர் தாண்டி இருக்கும் என் கணவரின் ஊர் அந்த வெள்ளைக்குள்தான் இருந்தது. மூன்று வாரம் அங்கே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அங்கே இருந்த நாத்தனாருக்கு, கணவரின் அக்காவுக்கு, போன் செய்தேன்.

“எல்லாரும் நல்லா இருக்கீங்களா?”

“நல்லாத்தான் கீறோம். கொயந்த எளைச்சிக்கினே போவுதுன்னு தம்பி சொன்னான். கம்ப்யூட்டரு இன்னா சோறா போடுது? தூக்கிக்கினு வா.”

போய் இறங்கினால் நிலைவாசலில் வேப்பிலை.

“எஞ் சின்ன மவனுக்கு ஆத்தா வந்துகிறா” என்றார் நாத்தனார். “போன்ல சொல்லக் கூடாதில்ல? மொத தண்ணி ஊத்தியாச்சி. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனா ஆத்தா கோச்சிக்குவா.”

அம்மை வந்த வீட்டார் அதை வெளியே சொல்ல மாட்டார்கள். அம்மை கண்டவருக்கு மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடியும்வரை வாயே திறக்கக் கூடாது. நானும் ஆந்திர எல்லையோரக் கிராமத்தில் பிறந்தவள். இது எனக்குத் தெரியாததா? அந்த ஊர்களில் போய்க் கேட்டிருந்தாலும் எங்கள் திரை வெள்ளையாகவேதான் இருந்திருக்கும்.

வாசலில் ஒரு நிமிடம் நின்றிருப்பேன். திரும்பியிருக்கலாம். பேருந்துகூட அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தது. நாத்தனார் கையை நீட்டினார். குழந்தையைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் திரும்பி வந்தேன். பத்து நாளில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு உடம்பு முழுவதும் தடிப்பு. அது அடங்கியதும் இரண்டு காதிலும் சீழ். இப்போது அவளுக்கு இரண்டரை வயது. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. தட்டைக் கீழே போட்டுப் பார்க்கிறேன், கதவை அறைந்து பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் இன்றைக்குத் திரும்புவாள் என்றே பார்க்கிறேன்.

கணவர் தன் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நாத்தனார் அலிபிரிப் படி ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே மலையேறினார். போன முறை பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நான்தானே உள்ள தூக்கிக்கினு போனேன். என்னைத் தண்டிக்காம பச்ச மண்ணைத் தண்டிச்சிட்டாளே.”

அவர் கூப்பிட்டதால் நான் போகவில்லை. ஒரு திரையை நம்பிப் போனேன். வேப்பிலையைப் பார்த்த பிறகும் உள்ளே போனேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அக்காவோடு பேசாதவர் என்னோடும் பேசாமல் போய்விடுவாரோ என்ற பயம்.

இதைப் படிப்பவர்களில் இப்படி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பிள்ளை வளர்த்தவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். முதலில் யாரிடம் சொல்வது, கணவரிடமா, நாத்தனாரிடமா? எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?