இடது கையால் வரைந்த மண்சுவர்

அகழாய்வுக் குழியில் எல்லாரும் அவளை ஸ்கேல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தோண்டுவது மற்றவர்கள் வேலை. தோண்டியதை அளந்து வரைவது அவளுடையது. ஒரு பானை ஓடு தலைகாட்டினால்கூட, எந்த மூலையிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் என்று அவள் தாளில் குறித்த பிறகுதான் கை வைக்கலாம். "எடுத்துட்டா எடுத்ததுதான். திரும்பக் கொண்டுபோய் ஒட்ட முடியாது" என்பாள்.

தோண்டும் வேலை முடிகிற சமயத்தில் ஏணியில் கால் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பெரிய குழியின் கிழக்குச் சுவர் மட்டும் வரையாமல் பாக்கி நின்றது. மண் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகிற சுவர் அது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"போட்டோ இருக்கு, விட்டுடலாம்மா. முதல்ல கையைப் பாருங்க" என்றார் குழுத்தலைவர்.

"போட்டோவுல எது சாம்பல், எது ஈரம்னு தெரியாது சார். இடது கை சும்மாதானே இருக்கு?"

வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இடது கையால் கோடு போட்டுப் பழகினாள். மகள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இது கோடா, கம்பளிப்பூச்சியா?"

"பூச்சிதான். நாளைக்கு நேரா நடக்கும் பாரு."

"ஒரே கையில டேப்பும் பென்சிலும் எப்படிப் பிடிப்ப?" என்று முணுமுணுத்தார் பேருந்து ஓட்டுநரான கணவர். மறுநாள் லீவு போட்டுவிட்டுக் குழியில் வந்து நின்றார்.

சுவருக்குக் குறுக்கே மட்டம் பார்த்து நூல் கட்டியிருந்தார்கள். நூலிலிருந்து ஒவ்வொரு அடுக்கும் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அவர் அளந்து சொல்லச் சொல்ல, அவள் தாளில் புள்ளி வைத்தாள்.

"என்னங்க, பஸ் ஓட்டுற அவசரம் இங்க வேண்டாம். டேப்பை நேராத் தொங்கவிடுங்க."

சுவரில் தண்ணீர் தெளித்ததும் நிறங்கள் பிரிந்தன. ஒரு கறுப்புப் பட்டை. அதன்மேல் களிமண் தரை. தரைக்குமேல் இன்னொரு கறுப்பு. அதற்கும்மேல் இன்னொரு தரை.

"ஏன் ரெண்டு கறுப்பு?" என்றார்.

"வீடு எரிஞ்சிருக்கு. சாம்பல் மேலயே தரை போட்டுக் கட்டியிருக்காங்க. மறுபடி எரிஞ்சிருக்கு. மறுபடி கட்டியிருக்காங்க."

"அந்த எடத்தையே விடலையா?"

"விடலை."

அவளுக்கு இடது தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. தூறல் விழுந்தபோது தோண்டுகிறவர்கள் ஓடிவந்து தலைக்குமேல் தார்ப்பாய் பிடித்தார்கள். கடைசிப் புள்ளி வைத்துவிட்டுத்தான் மேலே ஏறினாள். அன்றைக்குப் பிடித்த மழையில் அந்தச் சுவர் சரிந்து சேறாகிப்போனது.

கட்டுப் பிரித்த பிறகு, அந்தப் படத்தின்மேல் தாள் வைத்து வலது கையால் மையில் நகல் எடுத்தாள். ஒரு புள்ளியைக்கூட நகர்த்தவில்லை. ஓரிடத்தில் மட்டும் கோடு அறுந்து நின்றது.

"இதைச் சேர்த்துடேன், அழகா இருக்கும்" என்றார் கணவர்.

"அங்க அடுக்கு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியலைங்க. தெரியாததைச் சேர்த்தா அது பொய்."

அகழாய்வு அறிக்கையில் அது அப்படியே, அறுந்த கோட்டோடு, அச்சானது.