சிவப்புப் புள்ளி வைத்த பல்பு

எங்கள் அப்பா யாரையும் எடுத்த எடுப்பில் நம்ப மாட்டார். பால்காரரின் படியை வாங்கி உள்ளே விரல் விட்டு, அடி நசுங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் தூங்குகிறாரா, தூங்குவதுபோல் நடிக்கிறாரா என்று தெரிந்த பிறகுதான் தான் கண்ணை மூடுவார். ஒற்றைப் பிள்ளையான எனக்கு அவருடைய சொத்தாக இந்தக் குணம் மட்டும் முழுசாக வந்து சேர்ந்தது. பத்து வயதிலேயே நான் யாராவது சிரித்துப் பேசினால் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று யோசிக்கிற பெண்ணாக இருந்தேன்.

அப்பா ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டை போகிற ரோட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். யார் எந்தக் காட்டில் என்ன வேலை செய்தார்கள் என்று சாயங்காலம் நோட்டில் எழுதுவார். அது மறுநாள் மேனேஜர் மேசைக்குப் போகும். நாங்கள் இருந்த ஓட்டு வீடு அந்த வேலையோடு வந்தது, வேலை போனால் வீடும் போய்விடும். அந்த வருஷத்தில் அப்பா எழுதுவதை விட்டுவிட்டிருந்தார். அவர் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல அம்மாதான் எழுதினாள், அதுவும் அப்பாவின் கையெழுத்தைப் போலவே வலது பக்கம் சாய்த்து. பெரிய ஆபீசர்கள் இப்படித்தான் சொல்லி எழுத வைப்பார்கள் என்று எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

எங்கள் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. முன்பு மேனேஜராக இருந்த துரை தன் பங்களாவில் விட்டுப்போனது. புது மேனேஜர் டிரான்சிஸ்டரோடு வந்ததும் இதைச் சாக்குகளோடு ஸ்டோரில் போட்டுவிட்டார்கள். ஒருநாள் அப்பா அதைப் போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். யாரைக் கேட்டு எடுத்துவந்தார் என்று நான் கேட்கவில்லை. சந்தேகப்பட்டதோடு சரி.

அதன் முகப்பில் நீளமான கண்ணாடி. அதில் டெல்லி, கொழும்பு, லண்டன் என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருக்கும். பின்னால் ஒரு சின்ன பல்பு எரிந்தால்தான் முள் எந்த ஊரில் நிற்கிறது என்று தெரியும். மார்கழிப் பனி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் அந்த பல்பு போய்விட்டது. ரேடியோ பாடியது, முகம் மட்டும் இருட்டு. அப்பா பின்பலகையைக் கழற்றி டார்ச் பல்பைத் திருகினார். சுவிட்சைப் போட்டதும் அது ஒரு நொடி வெள்ளையாக எரிந்து கருகியது.

பஜாரில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிற பாய் ஒருவர் இருந்தார். கடை பட்டப்பகலிலும் இருட்டாக இருக்கும், விளக்கு எரியாது; கரண்டை மிச்சம் பிடிக்கிறாராம். பேச்சிலும் அதே சிக்கனம். என் பள்ளிக்கூடம் அந்தப் பக்கம் என்பதால் கருகிய பல்பை நான்தான் கொண்டுபோனேன்.

"இது டார்ச் பல்பு கண்ணு. ரேடியோவுக்கு ஆறு வோல்ட்டு வேணும்," என்றார். "இப்பல்லாம் இது வர்றதில்ல. சேலத்துல சொல்லி உடறேன்."

நாலு நாள் கழித்துப் பஸ் கண்டக்டர் மூலமாக மூன்று பல்புகள் வந்தன. ஒன்றைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துக் கொடுத்தார். மாட்டியதும் கண்ணாடி முழுக்க மஞ்சள் வெளிச்சம். எந்தப் பெயரையும் கதவருகே நின்றே என்னால் படிக்க முடிந்தது. அப்பா கிட்டே போய் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"மங்கலா இருக்குது. பழைய மாலத் தள்ளிட்டான்," என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். "ஆமாங்க, கொஞ்சம் மங்கல்தான்," என்றாள் அம்மா, கூசாமல். அம்மா பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து அவளையும் கண்காணிக்க வேண்டியவர்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

அதைத் திருப்பிக் கொடுத்ததும் இரண்டாவது பல்பு வந்தது. அதுவும் இரண்டு நாளில் மங்கிவிட்டது என்றார் அப்பா. மூன்றாவதும் அப்படியே. அந்த வாரத்தில்தான் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா பாய் கடையில் நிற்பதைக் கண்டேன். அவள் தனியாகப் பஜாருக்கு வருகிறவளே இல்லை. தபால் பெட்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்று காதைக் கொடுத்தேன். வண்டிச் சத்தத்தில் பாதிதான் விழுந்தது.

"எஸ்டேட்டுக்குத் தெரிஞ்சா ஊடு போயிருமுங்க. காப்பிப் பழம் எடுத்து முடியற வரைக்குமாச்சும்..." என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பாய் தலையாட்டினார்.

எனக்கு எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. ரேடியோவை அப்பா கேட்காமல் எடுத்துவந்த விஷயம் பாய்க்குத் தெரிந்துவிட்டது. அதை வைத்து அவர் மட்டமான பல்பைத் தலையில் கட்டுகிறார், அம்மா பயந்துபோய் அதற்கு ஒத்துப்போகிறாள். இப்படி ஒரு கணக்குப் போட்டு, விடையும் சரி என்று நானே மார்க் போட்டுக்கொண்டேன்.

அப்பாவும் சும்மா இல்லை. எஸ்டேட்டில் வெட்ட வேண்டிய சில்வர் ஓக் மரத்துக்குச் சிவப்புப் பெயிண்டில் புள்ளி வைத்து அடையாளம் செய்வார்கள். அந்தப் பெயிண்டைத் தீக்குச்சி முனையில் தொட்டு, திருப்பிக் கொடுக்கப்போகிற மூன்றாவது பல்பின் பித்தளைக் கழுத்தில் எள்ளளவு புள்ளி வைக்கச் சொன்னார். புள்ளியை வைத்தது என் கை, மூளை அவருடையது. காய்ந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாய் உள்ளே போனார், டப்பாக்களை உருட்டினார், வெளியே வந்து, "இது புதுசு கண்ணு. பத்திரம்," என்று தீப்பெட்டியை நீட்டினார்.

வீட்டில் அப்பா பெட்டியைத் திறந்து பல்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு என்னிடம் கொடுத்தார்.

"குறி இருக்குதா பாரு."

அம்மா அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள், இல்லை என்று சொல்லச் சொல்லி. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "இருக்குதுப்பா. நல்லாவே இருக்குது," என்றேன்.

மறுநாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போனார். கடையில் எங்கள் எஸ்டேட் ஜீப் டிரைவர் டார்ச்சுக்கு பேட்டரிக் கட்டை வாங்கிக்கொண்டு நின்றார். தினமும் மேனேஜரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுகிறவர். சாட்சிக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அப்பா குரலை உயர்த்தினார்.

"ஏனுங்க பாய், நான் திருப்பிக் குடுத்ததையே புதுசுன்னு எனக்கே குடுக்கறீங்களே, இது என்ன யாவாரம்?"

பாய் பல்பை வாங்கிப் புள்ளியைப் பார்த்தார். மேசை மேல் பல்பைச் சோதிக்க வைத்திருந்த கம்பியில் அதைத் தொட்டுக் காட்டியிருந்தால் போதும். அந்த இருட்டுக் கடையே பளிச்சென்று ஆகியிருக்கும். அவர் கை கம்பிப் பக்கம் போகவும் போனது. பிறகு டிரைவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார்.

"பழசு கலந்துபோச்சுங்க ரைட்டரே. என் தப்புத்தானுங்க."

"கலந்துபோச்சா, கலந்துட்டீங்களா?"

டிரைவர் சிரித்தார். பாயின் காது மடல் சிவந்து போனதை நான் ரசித்துப் பார்த்தேன். ஒரு வாரத்தில் அக்கம்பக்கத்து எஸ்டேட் ரைட்டர்களுக்கெல்லாம் அப்பா இந்தக் கதையைச் சொல்லி முடித்தார். அவர்களில் பலர் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினார்கள். அம்மா மட்டும் ஒரு பை கமலாப்பழத்தை என்னிடம் கொடுத்து, அப்பாவுக்குத் தெரியாமல் பாய் கடையில் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். ஏமாற்றுக்காரருக்குப் பழமா என்று எரிச்சலாக இருந்தது. பாதிப் பழத்தை வழியில் நானும் என் சிநேகிதிகளும் தின்று தீர்த்தோம்.

அதற்கப்புறம் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வந்தபோது எஸ்டேட் ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் என்னை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார். மேனேஜர் உட்காருகிற சீட். பனியில் வண்டி மெதுவாக ஊர்ந்தது.

"பாய் நொம்ப நாளா ஏமாத்திட்டிருந்தாரா சாமி?" என்றார்.

நான் உஷாரானேன். ரேடியோ யாருடையது என்ற பேச்சு வந்துவிடக் கூடாது. கேட்பதற்கு முன்னாலேயே, "அந்த ரேடியோ எங்க மாமா வாங்கிக் குடுத்ததுங்க," என்று சொல்லிவைத்தேன். அவர் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை.

"புள்ளி வெச்சாராமே ரைட்டரு. நல்ல ஓசன."

"ஓசனதான் அப்பாவோடதுங்க. வெச்சது நானு. கண்டுபிடிச்சதும் நாந்தானுங்க."

"ஏன், அப்பா பாக்கலையா?"

"அவருக்கு அத்தன சிறுசு தெரியாதுங்க. நோட்டு எழுதறதுகூட எங்கம்மாதான். அப்பா சும்மா ஒக்காந்து சொல்லுவாரு, அவ்வளவுதான். அப்பா கையெழுத்து மாதிரியே எங்கம்மா எழுதுவாங்க, உங்களால கண்டுபுடிக்கவே முடியாது."

டிரைவர் என் பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்தார். ரேடியோ விஷயத்தைச் சாமர்த்தியமாக மறைத்துவிட்டேன் என்ற திருப்தியில் நான் வீட்டு வாசலில் இறங்கினேன். வாசலில் நின்றிருந்த அம்மாவிடம், மேனேஜர் சீட்டில் உட்கார்ந்து வந்ததை மட்டும் சொன்னேன்.

பொங்கல் கழிந்து மேனேஜர் அப்பாவைக் கூப்பிட்டார். நோட்டை விரித்து, முந்தின நாள் எழுதியதை வாசிக்கச் சொன்னாராம். அப்பா இரண்டு வரியை மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறார். மேனேஜர் பக்கத்தைத் திருப்பி, இதை வாசியுங்கள் என்றாராம். அன்றைக்கு மத்தியானமே அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அவரைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

மாச முடிவில் சாமான்களை ஏற்றிக்கொண்டு லாரியில் சேலத்துக்கு இறங்கினோம். ரேடியோவை அப்பா தானாகவே ஸ்டோரில் வைத்துவிட்டு வந்தார். மூட்டைகளுக்கு நடுவே மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். வளைவுக்கு வளைவு குளிர் குறைந்துகொண்டே வந்தது.

"கடையில வெச்சு மானத்த வாங்குனேன்ல. அந்த பாய்தான் வஞ்சம் வெச்சுப் போட்டுக் குடுத்துட்டான்," என்றார் அப்பா.

"அவரு சொல்லியிருக்க மாட்டாருங்க," என்றாள் அம்மா.

"பின்ன வேற யாரு?" என்று அப்பா நான் உட்கார்ந்திருந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார். "நீ சொல்லு கண்ணு."

"அவருதாம்ப்பா," என்றேன். "எனக்கு மொதல்லேர்ந்தே அவரு மேல சந்தேகம். ஜீப்புல வர்றப்ப டிரைவருகிட்டகூட அதத்தான் சொன்னேன்."

அப்பா தடவிப் பிடித்து என் தலையில் கை வைத்தார். அம்மா சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னை இழுத்து மடியில் போட்டு, புடவைத் தலைப்பால் என் வாயை மூடினாற்போலப் போர்த்திவிட்டாள். குளிருக்குத்தான் போர்த்துகிறாள் என்று நான் தூங்கிப்போனேன்.