பதினேழாம் வெள்ளியின் தோஃபுச் சோறு

சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ட்ராம் பணிமனையில் அதிகாலை நான்கரைக்குப் பெட்டிகளைக் கழுவத் தொடங்கும் பத்மநாதன், பன்னிரண்டு மணிக்குத்தான் முதன்முறையாக உட்காருவார். ஒரு மணிக்கு இரண்டாவது வேலை, ஒரு பாடசாலைக் கட்டடத்தின் துப்புரவு. இடைப்பட்ட ஒரு மணி நேரத்தை மற்ற நாட்களில் ட்ராம் தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்து பாண் துண்டோடு கழித்துவிடுவார். வெள்ளிக்கிழமை மட்டும் வியட்நாமியப் பெண்மணி லானின் சோற்றுக்கடைக்குப் போவார். பதினைந்து பிராங்குக்கு ஆவி பறக்கும் சோறு அந்த வட்டாரத்தில் வேறெங்கும் கிடைக்காது.

வெள்ளியைத் தேர்ந்ததற்குக் காரணம் ஒரு நேர்த்திக்கடன். ஒரே மகள் லக்சனா பாடசாலையின் இறுதியாண்டில் இருந்தாள். ஆய்வுகூடத் தொழிற்பயிற்சிக்கு அவள் அனுப்பிய விண்ணப்பங்கள் முப்பத்தொன்று. வந்த மறுப்புகள் இருபத்தெட்டு. அவளுக்கு ஓரிடம் கிடைக்கும்வரை வெள்ளிதோறும் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை என்று பத்மநாதனும் மனைவி பவதாரணியும் ஒக்டோபரில் திரிம்பாக் கோயிலில் நேர்ந்துகொண்டார்கள். லானிடம் தோஃபு இருந்ததால் அவருடைய வெள்ளிகள் அங்கே போயின. இது பதினேழாவது வெள்ளி. லக்சனா மூன்று நாள் வேலை பழகிப் பார்த்த நிறுவனம் இன்று நண்பகலில் முடிவு சொல்வதாக எழுதியிருந்தது.

பத்மநாதன் கைபேசியைத் தட்டின் அருகே வைத்தார். வழக்கம்போலப் பொரித்த தோஃபு என்ற சோயாக்கட்டியும் சோறும். கூடவே சின்னக் கிண்ணத்தில் தேன்நிறத் தண்ணீர். அதில் கரட் துருவல் மிதந்தது. தொட்டுக்கொள்ளத் தரப்படும் அதை அவர் தேங்காய்ப்பால் சொதியைப் போலச் சோற்றின்மீது முழுவதும் ஊற்றி, இன்னொரு கிண்ணமும் கேட்பார்.

"உங்கட சோறு நீந்துது, நாதன் ஐயா," என்று சிரித்தாள் லான். இருவரும் கதைத்தது தட்டுத்தடுமாறும் ஜெர்மனில்.

"இதில கொஞ்சம் போத்தல்ல தருவீங்களோ? மனைவிக்குக் கொண்டுபோக. அவவும் வெள்ளியில சைவம்."

லானின் சிரிப்பு நின்றது. "சைவமோ? மீனும் இல்லையோ?"

"மீனும் இல்லை. அதுக்குத்தானே தோஃபு."

அவள் உள்ளே போய் ஒரு போத்தலைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் மீன் படம். "தோஃபு தோஃபுதான். ஆனா இந்தத் தண்ணி மீன். உப்புப் போட்டு ஒரு வருசம் ஊறவைச்சு வடிக்கிறது. நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே!"

பத்மநாதன் கரண்டியைக் கீழே வைத்தார். பதினேழு வெள்ளி, வெள்ளிக்கு இரண்டு கிண்ணம். வந்த மறுப்புகளை அவர் மனம் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தது. களைத்த உடலுக்குள் வெட்கத்தோடு ஓர் ஆறுதலும் எழுந்தது. அப்படியானால் குறை பிள்ளையின் பரீட்சைப் புள்ளிகளிலும் இல்லை, அவளுடைய வெளிநாட்டுப் பெயரின் நீளத்திலும் இல்லை, தன்னிடம்தான்.

அவர் மனைவியை அழைத்தார். முதியோர் இல்லத்துச் சலவையறையின் இரைச்சலுக்கு நடுவே பவதாரணி எடுத்தாள்.

"என்னப்பா, பதில் வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை. பவா, நான் பிழை விட்டிட்டன். இந்தக் கடையில சோத்துக்கு ஊத்துறது மீன் தண்ணியாம்."

"இப்பதான் தெரியுமோ? முதல் வெள்ளியே உங்கட சட்டை கருவாட்டுக்கடை மாதிரி மணந்தது."

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா வெள்ளியிலயும் வாங்கில பாணோட இருப்பியள். கிழமைக்கு ஒருக்காவாவது மனுசன் இருந்து சுடுசோறு தின்னட்டும் எண்டு விட்டன்."

"அப்ப நேர்த்தி?"

"அதை நான் பாத்துக்கொண்டன். வெள்ளியில இரவு மட்டும்தான் சாப்பிடுறன். உங்கட பங்குக்கும் சேத்து."

எட்டு மணி நேரம் நின்று ஈரத்துணி தூக்குபவள். பத்மநாதன் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் லக்சனாவின் அழைப்பு குறுக்கிட்டது.

"அப்பா, அப்ஸாகே." மறுப்புக்கான அந்த ஜெர்மன் சொல்லை வீட்டில் எவரும் இப்போது தமிழில் சொல்வதில்லை. "இருபத்தொன்பது."

"என்ர பிழையம்மா. நான் விரதத்தை..."

"உங்களுக்கும் அதுக்கும் என்னப்பா? கொம்பனிக்காரர் எடுத்த பிள்ளை என்னைவிட நல்லாச் செய்தவள். நானே பாத்தனான்." அவள் குரல் ஒருமுறை உடைந்து நேரானது. "வகுப்புத் தொடங்குது. இரவைக்கு அடுத்த கடிதம் எழுதவேணும். வைக்கிறன்."

பிடித்துக்கொள்ளக் கிடைத்த தன் குறையையும் பிள்ளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மீண்டும் மனைவியை அழைத்துச் செய்தியைச் சொன்னார். 

"சரி. அப்ப இன்னும் கொஞ்ச வெள்ளி," என்றாள்.

"இண்டைக்கு நீர் சாப்பிடும், பவா. இனி நான் விரதம் இருக்கிறன்."

"நாலு மணிக்கு வேலைக்குப் போற ஆள்! மயங்கி ட்ராமுக்கு முன்னால விழுந்து ஊரையே மறிக்கப்போறியளோ?"

"அப்ப ஆளுக்கொரு வெள்ளி. இது என்ர."

பாதிச் சோறு தட்டில் இருந்தது. வேறு தட்டு தருவதாக லான் வற்புறுத்தினாள். வேண்டாம் என்று தலையசைத்து, காசைக் கொடுத்து வெளியே வந்தார். மணி பன்னிரண்டு நாற்பத்தெட்டு. ட்ராமில் நின்றபடியே கைபேசியைப் பார்த்தார். பவதாரணி எழுதியிருந்தாள்: "பாண் வாங்கிட்டன். சாப்பிடுறன்."

பாடசாலையில் இரண்டு மாடித் தாழ்வாரங்கள் அவருக்காகக் காத்திருந்தன.